கண்ணாடிப் போத்தல்களும் எங்கள் வீடுகளும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கண்ணாடிப் போத்தல்களைக் கொண்டு வீட்டை அழகாகவும் ஒழுங்காகவும் வைத்திருப்பது பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டிருக்கிறார்கள். வைத்தியரை மேடையேற்றினால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்றுதான் பேசச் சொல்வார்கள். இது மனையியல் ஆசிரியைக்குரிய தலைப்பல்லவா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் குசினி றாக்கைக்கும் வைத்தியசாலை விடுதிக்கும் இடையே நாம் நினைப்பதை விடத் தூரம் குறைவு. எந்தப் பொருளை எந்தப் போத்தலில், எந்த உயரத்தில் வைத்தார்கள் என்பதே ஒரு பிள்ளை விடுதிக்கு வருவதையும் வராமல் விடுவதையும் சில வேளைகளில் தீர்மானிக்கிறது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கண்ணாடி, உள்ளே இருப்பதைக் காட்டும். அது என்னவென்று சொல்லாது. சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். இந்த இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்திருந்தால், அழகும் ஒழுங்கும் பாதுகாப்பும் ஒரே வேலையில் முடியும்.

கண்ணாடி எங்கள் மண்ணுக்குப் புதியதல்ல. அதற்கு முதன்மையான மூலப்பொருள் சிலிக்கா மணல். நாத்தாண்டியாவிலும், வடக்கே வல்லிபுரம், அம்பன் பகுதிகளிலும் அந்த வெண்மணல் இருக்கிறது. மணலோடு சோடாவும் சுண்ணாம்புக் கல்லும் சேர்த்து உருக்கினால் நாம் அன்றாடம் பாவிக்கும் போத்தல் கண்ணாடி கிடைக்கிறது. உணவைக் கண்ணாடியில் அடைத்துக் காக்கலாம் என்று முறையாகக் காட்டியவர் நிக்கொலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர். இனிப்புப் பண்டம் செய்வது அவருடைய தொழில். போத்தலில் உணவை நிரப்பி, இறுக மூடி, கொதிநீரில் வைத்தால் மாதக்கணக்கில் பழுதடையாது என்று அவர் கண்டார். 1810 இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. அது ஏன் பழுதடையவில்லை என்பதை லூயி பாஸ்ரர் விளக்கியது ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத்தான். 1858 இல் அமெரிக்காவின் ஜோன் லாண்டிஸ் மேசன் திருகு மூடிப் போத்தலுக்கு ஆக்கவுரிமை பெற்றார். இன்று ஜாம் முடிந்ததும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறோமே, அந்தப் போத்தலின் மூதாதை அதுதான்.

கண்ணாடியை நாம் விரும்புவதற்குக் காரணங்கள் உண்டு. அது மணத்தை உறிஞ்சாது. மாசிக் கருவாடு வைத்த பிளாஸ்ரிக் டப்பாவில் பிறகு சீனி போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த அருமை தெரியும். தேசிக்காய் ஊறுகாயின் புளிப்பும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும், கண்ணாடியை அரிக்காது. ஆனால் தகர மூடியை அரிக்கும். ஆகவே ஊறுகாய்ப் போத்தலுக்குப் பிளாஸ்ரிக் மூடி நல்லது. கொதிநீரில் அவித்தெடுத்துச் சுத்தப்படுத்தவும் கண்ணாடிதான் வசதி. குளிர்ந்த போத்தலில் கொதிநீரைத் திடீரென ஊற்றினால் வெடிக்கும். குளிர்நீரிலேயே போட்டு மெல்ல மெல்லச் சூடாக்க வேண்டும். பிறகு ஒரு துளி ஈரமும் இல்லாமல் காய வைக்க வேண்டும்.

ஈரம் என்பதை அழுத்திச் சொல்கிறோம். வறுத்த அரிசிமாவையும் இடித்த மிளகாய்த்தூளையும் சூடாறுவதற்கு முன் போத்தலில் போட்டு இறுக மூடினால், உள்ளே ஆவி வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நிலக்கடலை, செத்தல் மிளகாய், சோளம் போன்றவற்றில் வளரும் ஒரு வகைப் பூஞ்சணம் அப்ளாரொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைப் பாதிக்கும். ஈரல் புற்றுநோய்க்கும் காரணமாகும். மேலே தெரியும் பூஞ்சணத்தை வழித்துவிட்டு மிச்சத்தைப் பாவிப்பதால் அந்த நஞ்சு போகாது. வறுத்தாலும் முழுதாக அழியாது. எங்கள் அம்மம்மாமார் வெயிலில் காயவைத்து, பாயில் பரப்பி ஆறவிட்டுப் பிறகுதான் அடைத்தார்கள். அந்த ஒழுங்கில் விஞ்ஞானம் இருந்தது.

அடுத்தது வெளிச்சம். கண்ணாடி அழகாக இருப்பது வெளிச்சம் உள்ளே போவதால்தான். அதுவே அதன் குறையும். வெயில் படும் யன்னலோரத்தில் மஞ்சளையும் மிளகாய்த்தூளையும் வரிசையாக வைத்தால் படம் பிடிக்க நன்றாக இருக்கும். சில வாரங்களில் நிறமும் மணமும் வெளுத்துவிடும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கெதியில் சிக்குப் பிடிக்கும். பாலிலுள்ள ரைபோபிளேவின் என்ற விற்றமினும் விற்றமின் ஏயும் வெளிச்சத்தில் அழியும். பல மருந்துகள் கபில நிறப் போத்தலில் வருவதும் இதனால்தான். ஆகவே போத்தல்களைக் கதவுள்ள அலுமாரியில் அடுக்குங்கள். வெளியேதான் வைக்க விருப்பமென்றால் எங்கள் ஊரிலேயே அதற்கு வழி இருக்கிறது. பனையோலையில் இழைத்த உறையொன்றைப் போத்தலுக்குப் போட்டால் வெளிச்சம் தடுபடும், கை வழுக்காது, ஒன்றோடொன்று முட்டினாலும் உடையாது. பார்க்கவும் அழகு. ஓலை இழைக்கும் பெண்களுக்கு வருமானமும் ஆகும்.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பு உப்புச் சட்டி அடுப்புக்கரையில் இருக்கும். இப்போது நாம் வாங்குவது அயடீன் சேர்த்த உப்பு. 1995 இல் இருந்து இலங்கையில் அது சட்டம். ஈரத்திலும் சூட்டிலும் வெளிச்சத்திலும் அயடீன் குறையும். ஆகவே உப்பை மூடியுள்ள போத்தலில், அடுப்பை விட்டுத் தள்ளி, இருட்டில் வையுங்கள்.

கண்ணாடிப் போத்தல் கணக்கும் சொல்லும். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாகவே, உப்பு எடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளர்ந்தவர்கள் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். கருவாடு, ஊறுகாய், மிக்ஸர் எல்லாவற்றிலும் உள்ள உப்பும் இதற்குள்தான் அடங்க வேண்டும். சீனியை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஏறத்தாழ 6 தேக்கரண்டிக்குள், வைத்திருப்பது நல்லது. அதே நான்கு பேருக்கு மாதம் 3 கிலோ. வெளியில் குடிக்கும் மென்பானமும் வாங்கும் பிஸ்கற்றும் சேர்த்துத்தான் அந்த 3 கிலோ. மாதம் முதலாந் தேதி உப்பையும் சீனியையும் அளந்து ஒவ்வொரு போத்தலில் போடுங்கள். பத்தாந் தேதி போத்தல் பாதியாகி விட்டால், வீட்டில் யாரும் யாருக்கும் புத்தி சொல்லத் தேவையில்லை, போத்தலே சொல்லும். நாங்கள் கிளினிக்கில் பத்து நிமிடம் பேசி விளங்கப்படுத்த முயல்வதை ஒரு போத்தல் மாதம் முழுக்க நின்று விளங்கப்படுத்துகிறது.

இனி, கண்ணாடி சொல்லாத விடயத்துக்கு வருவோம்.

எமது வயதினருக்கு ஜாம் போத்தல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது விளக்குத்தான். 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாயிற்று. கிடைத்தாலும் கைக்கெட்டாத விலை. அப்போது வீட்டுக்கு வீடு ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது. அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவு மண்ணெண்ணெய், கம்பியில் தாங்கிய நூல்திரி. போத்தலின் சுவர் காற்றை மறைத்தது. அந்தச் சிறு வெளிச்சத்தைச் சுற்றி இருந்துதான் எமது வகுப்பினர் படித்தோம். இன்று அலங்காரத்துக்காகப் போத்தலுக்குள் விளக்கேற்றி வைப்பதைப் பார்க்கும்போது எங்களுக்கு வேறு ஞாபகம் வருவதில் வியப்பில்லை.

ஆனால் நாடு முழுவதும் ஏழை வீடுகளில் எரிந்த வேறு வகைப் போத்தல் விளக்குகள் பெரும் துயரையும் தந்தன. உயரமான, ஒடுங்கிய போத்தலில் நிறைய மண்ணெண்ணெய் ஊற்றி, தகரத் துண்டொன்றில் திரியைச் செருகி மேலே வைப்பார்கள். தட்டினால் சரியும், உருளும், எண்ணெய் சிந்தும், தீப்பிடிக்கும். எரிகாயங்களோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, காயத்தை ஆற்றுவதோடு நின்றுவிடவில்லை. மாமைட் போத்தலின் கட்டையான வடிவத்தைப் பார்த்து, சரியாத ஒரு விளக்கை வடிவமைத்தார். தடித்த கண்ணாடி, குட்டையான உடல், சரிந்தாலும் உருளாதபடி இரண்டு தட்டையான பக்கங்கள், எண்ணெய் சிந்தாதபடி திருகு மூடி. ‘சுதீப’ என்று பெயர் வைத்து மலிவான விலையில் பெருந்தொகையாகச் செய்வித்தார். 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு போத்தலின் வடிவத்தைத் திருத்தினால் பிள்ளைகளின் உடலைக் காப்பாற்றலாம் என்று எங்கள் நாட்டு வைத்தியர் ஒருவர் காட்டியிருக்கிறார். இந்தத் தலைப்பு சின்னத் தலைப்பல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மின்சாரம் வந்த பிறகும் மண்ணெண்ணெய் வீட்டை விட்டுப் போகவில்லை. அது இருப்பது பெரும்பாலும் சோடாப் போத்தலில், தண்ணீர்ப் போத்தலில், கழுவிய ஜாம் போத்தலில். பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். ஒன்றிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைக்கு மணத்தை விடக் கண்தான் வழிகாட்டி. நிறமற்ற நீர்மம், தெரிந்த போத்தல், தாகம், இவ்வளவும் போதும். வயிற்றுக்குள் போவதை விட அது நுரையீரலுக்குள் போவதே பெரிய ஆபத்து. மூச்சுக்குழாய்க்குள் சிறிதளவு இறங்கினாலும் கடும் நியூமோனியா போன்ற அழற்சி வரும். ஆகவே பிள்ளை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கப் பண்ணாதீர்கள். தொண்டைக்குள் விரல் விடாதீர்கள், உப்புத்தண்ணீர் பருக்காதீர்கள். வாந்தி எடுக்கும்போதுதான் அது நுரையீரலுக்குள் போகும். எண்ணெய் பட்ட உடுப்பைக் கழற்றி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். குடித்த போத்தலையும் கையோடு எடுத்து வாருங்கள். என்ன குடித்தது என்று தெரிந்தால் எங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.

ஆகவே முதலாவது சட்டம்: உண்ணும் பொருள் இருந்த போத்தலில் உண்ணக்கூடாத எதையும் ஊற்றக்கூடாது. மண்ணெண்ணெய், பூச்சிகொல்லி, மலசலகூடம் கழுவும் அசிட், தின்னர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பூச்சிகொல்லி அதன் சொந்தக் கொள்கலனில், சொந்த லேபிளோடு, பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். அழகான போத்தலுக்கு மாற்றுவது ஒழுங்குபடுத்தல் ஆகாது.

இரண்டாவது சட்டம்: குளிசைகளைக் கண்ணாடிப் போத்தலில் கொட்டி மேசையில் வைக்கக்கூடாது. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசை பிள்ளையின் கண்ணுக்கு இனிப்பு மாதிரித் தெரியும். அதிகம் விழுங்கினால் உயிராபத்து. அப்பப்பாவின் நீரிழிவுக் குளிசைகளில் சில வகை, ஒன்றே ஒன்று விழுங்கினாலும், சின்னப் பிள்ளையின் இரத்தச் சீனியை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். குளிசை அதன் உறையிலேயே இருக்கட்டும்; உறையில் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கின்றன. பொத்தான், சில்லறைக் காசு, மணி போட்டு வைக்கும் போத்தலையும் ஒரு முறை கொட்டிப் பாருங்கள். விளையாட்டுச் சாமானில் இருந்து கழற்றிய பொத்தான் பற்றரி அதற்குள் கிடக்கும். அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணித்தியாலத்துக்குள் கடுமையாக அரித்துவிடும்.

மூன்றாவது சட்டம்: ஒவ்வொரு போத்தலிலும் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். அப்பச்சோடாவும் கோவாமாவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; எறும்புக்குப் போடும் வெள்ளைத் தூளும் அப்படித்தான். போத்தலை அடுக்கிய ஆளுக்கு எது எதுவென்று தெரியும். அவர் வெளியூர் போன நாளில் குசினிக்குள் வரும் ஆளுக்கு எப்படித் தெரியும்? எழுத்து பெரிதாக இருக்கட்டும். எங்கள் பெற்றோர் பலர் இன்று பெரிய வீடுகளில் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். கண்ணில் வெண்படலம், கையில் நடுக்கம். அவர்களுக்கு வேண்டியது வாய் அகன்ற, எளிதில் திறக்கும், பெரிய எழுத்துள்ள போத்தல். விடுமுறைக்கு வரும்போது பரிசுப் பொருட்களோடு ஒரு பின்னேரத்தை இதற்கும் ஒதுக்குங்கள்.

உயரமும் கவனிக்க வேண்டியது. பாரமான போத்தல் இடுப்பு மட்டத்துக்கு மேலே வேண்டாம். ஏணியிலோ கதிரையிலோ ஏறி எடுக்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருபவர்களை நாங்கள் அறிவோம். போத்தல் உடைந்தால் நன்றாகக் கூட்டி, ஈரத்துணியாலும் துடைத்தெடுங்கள். நீண்டகால நீரிழிவு உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். சிறு கண்ணாடித் துண்டு ஏறியதே தெரியாமல் நடப்பார். புண்ணாகிப் பழுத்த பிறகு வந்தால் சில வேளை விரலையே இழக்க நேரும்.

கடைசியாக அலங்காரம். வரவேற்பறையில் கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் விட்டு மணிப்பிளாண்ட் வளர்க்கிறோம். மேசையில் செவ்வரத்தையும் குரோட்டன் இலையும் வைக்கிறோம். டெங்கைப் பரப்பும் நுளம்புக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது. அது சாக்கடையைத் தேடிப் போகாது. தெளிந்த நீரைத் தேடி எங்கள் வரவேற்பறைக்கே வரும். 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். 400 பேருக்கு மேல் இறந்தார்கள். முட்டை நுளம்பாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாள் எடுக்கும். ஆகவே வாரத்துக்கு இரண்டு தரம் தண்ணீரை மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்கு மேலே கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து மீண்டும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இன்னும் இலகுவான வழி, தண்ணீருக்குப் பதிலாக ஈர மணலில் செடியை நடுவது. கண்ணாடிக்குள் வெண்மணல், அதன் மேல் பச்சை இலை. அதுவும் அழகுதான். மழைக்காலத்தில் கொல்லைப்புறத்தில் வாய் திறந்து கிடக்கும் வெறும் போத்தல்களையும் கவிழ்த்து விடுங்கள்.

அன்பான தங்கைமாரே, அக்காமாரே, இந்தக் கல்லூரி எங்களுக்குத் தந்த படிப்பில் ஒரு பகுதி புத்தகத்தில் இருந்தது. இன்னொரு பகுதி, கொப்பிக்கு உறை போட்டுப் பெயர் எழுதச் சொன்னதிலும், ஆய்வுகூடத்தில் லேபிள் இல்லாத போத்தலைத் தொடக்கூடாது என்று கண்டித்ததிலும் இருந்தது. ஆய்வுகூடத்துக்கு அந்தச் சட்டம் வேண்டுமென்றால், பிள்ளைகள் தவழும் குசினிக்கு எவ்வளவு வேண்டும்!

வருகிற சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். பெயரில்லாத போத்தல்களுக்குப் பெயர் எழுதுங்கள். நஞ்சாகக் கூடியவற்றைப் பிரித்தெடுத்து, உயரத்தில் பூட்டி வையுங்கள். பூப்போத்தலைத் தேய்த்துக் கழுவுங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக் கொள்ளுங்கள். லேபிளில் படம் கீறுவதை அவர்களிடம் விடுங்கள். அதற்குப் பிறகு போத்தல்களை எப்படி அழகாக அடுக்குவது என்பதை நாங்கள் சொல்லித் தரத் தேவையில்லை. அது உங்கள் எல்லோருக்கும் எங்களை விட நன்றாகத் தெரியும்.

நூறாண்டு கண்ட எமது கல்லூரி மேலும் வளர வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறோம்.